கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவன்

20 ஜனவரி 2025, திங்கள்

காலையிலிருந்து சண்டைதான். பனி தார்ப்பாய்க்குள்ளும் இறங்கி நெல்லில் ஈரம் ஏறிவிட்டது. ஈரம் கூடினால் நெல்லை வாங்க மாட்டார்கள். அந்த ஈரத்தை அளந்து சொல்லும் கருவி என் கையில் இருப்பதால் நான்தான் எல்லோருக்கும் எதிரி. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர் என்றால் அர்த்தம் இதுதான். அறுவடை முடிந்ததும் வேலை இல்லை. அதுவரை வசவு உண்டு.

நடுவில் போனைத் திறந்தால் ரெஜின்.

நடிப்புப் பயிற்சி நிறுவனம் அவன் படத்தைப் போட்டு 'இம்மாத மாணவர்' என்று எழுதியிருக்கிறது. கறுப்புச் சட்டை, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், தாடையைக் கொஞ்சம் இறக்கி ஒரு பார்வை. கீழே வகுப்பே நெருப்புப் படம் போட்டுக் கொண்டாடுகிறது. நானும் ஒரு நெருப்பு போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

ஆன்லைன் வகுப்பில் இந்தப் பக்கத்து ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் தரங்கம்பாடி, நான் அம்மாப்பேட்டை பக்கம். அதனால் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்கள். ஒருவன் நடிப்பதை இன்னொருவன் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். நான் சொன்ன குறைகளை எல்லாம் திருத்திக்கொண்டு அவன் மேலே போகிறான். அவன் எனக்கு ஒரு குறையும் சொல்வதில்லை. "சூப்பர்டா" என்பான். அதோடு சரி.

22 ஜனவரி

'அடுத்த மாசம் நீயும் வருவடா' என்று ரெஜின் செய்தி அனுப்பியிருக்கிறான். அந்த 'நீயும்' என்பதை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

26 ஜனவரி, ஞாயிறு

இன்று வகுப்பு. ஜெயபாரதி மேடம் சென்னையிலிருந்து நடத்துகிறார். நடிப்பு மட்டும் சொல்லித்தருவதில்லை. எந்த அழைப்பு உண்மை, எது பணம் பிடுங்கும் கூட்டம், ஒப்பந்தத்தில் எந்த வரியைப் படிக்க வேண்டும் எல்லாம் உண்டு. அதற்காகத்தான் சேர்ந்தேன். இந்தத் தொழிலில் யாரையும் எனக்குத் தெரியாது. தெரிந்தவன் இல்லாதவனுக்குத் தெரிந்துகொள்வது மட்டும்தான் வழி.

அவர் அடிக்கடி சொல்வது: "ஆடிஷன்ல வேலை கேக்காதீங்க. வேலையச் செஞ்சு காட்டிட்டுப் போங்க."

என் முறை வந்தது. ஆரம்பத்தில் பெயர், உயரம், ஊர் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் என்றேன். உடனே ஒரு சென்னைப் பையன், "நெல்லு ஊரு! உங்களுக்கு எவ்வளவு நிலம் ப்ரோ?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. தஞ்சாவூர் என்றால் எல்லோருக்கும் நிலம் இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவர்களும் தஞ்சாவூர்க்காரர்கள்தான் என்று யாரும் சொல்லவில்லை. சிரித்துவிட்டுத் தொடங்கினேன்.

நடித்து முடித்ததும் மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கோபம் தெரியுது பரிதி. ஆளு தெரியல."

ரெஜினுக்கு: "நிக்கத் தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

நிற்பதற்கெல்லாமா பாராட்டு?

1 பிப்ரவரி, சனி

இன்று பட்டியலில் இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தேன்.

ஒரு இணையத் தொடருக்கு ஆள் தேடுகிறார்கள். மேடமே விசாரித்து, உண்மையான அழைப்பு என்று குழுவில் போட்டிருக்கிறார். டெல்டா கதை. இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள், உழைத்த உடம்பு, புதுமுகம். ஒரு காட்சியை நடித்து, போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும்.

காட்சி இதுதான். கூலிக்காரர் ஒருவர் இறந்துவிடுகிறார். சுடுகாட்டுக்குப் போகிற வழி நிலக்காரரின் வயல் வழியாகப் போகிறது. பயிர் நிற்கிறது. மகன் போய் வழி கேட்கிறான். அவர் மறுக்கிறார்.

இதை நான் படிக்க வேண்டியதே இல்லை. அப்பா இறந்தபோது எனக்குப் பதினாலு வயது. மார்கழி. பயிர் தொண்டைக் கதிராக இருந்தது, கதிர் உள்ளேயே இருக்கும், வெளியே தலை நீட்டாது. வரப்பு ஒற்றை ஆள் நடக்கத்தான் அகலம். பாடையோடு போனால் ஓரப்பயிர் மிதிபடும். நிலக்காரரின் பெரிய வீட்டுக்குப் போய்க் கேட்டோம். கிடைக்கவில்லை. வாய்க்காலில் இறங்கி, மார்பளவுத் தண்ணீரில், அப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் கொள்ளிச் சட்டியை நனையாமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இந்தப் பாத்திரம் என்னுடையது. வேறு எவனுக்கும் இல்லை. இதுகூடக் கிடைக்காவிட்டால் எதுதான் எனக்குக் கிடைக்கும்?

2 பிப்ரவரி

அம்மாவிடம் காட்சியைச் சொல்லவில்லை. ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நடவு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற உடம்பு அவளுடையது. என் படிப்புக்கு அவள் வைத்த பெயர் 'போனப் பாத்து அழுவுற படிப்பு'. பக்கத்து வீட்டில் கேட்டால் அப்படித்தான் சொல்கிறாள்.

மாமா சிங்கப்பூரிலிருந்து பேசினார். கப்பல் பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம். இந்த அறுவடைப் பருவம் முடிந்ததும் கிளம்பச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். சரி என்று சொல்லாமல் என்ன சொல்வது? எனக்கு இருக்கிற காலம் அவ்வளவுதான். இந்தத் தொடரில் ஏதாவது நடந்தால் உண்டு. இல்லையென்றால் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

4 பிப்ரவரி

ரெஜின் கூப்பிட்டான். அவனும் அதே பாத்திரத்துக்கு அனுப்புகிறானாம்.

"நீ எங்க வீட்டுக்கு வாடா. நான் ஒனக்கு வாசிக்கிறேன், நீ எனக்கு வாசி. விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் இருக்கு."

இப்படித் தனியாக நடித்து அனுப்பும்போது எதிராளியின் வசனத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பார். படத்தில் தெரியமாட்டார், குரல் மட்டும் கேட்கும். அவருக்கு ரீடர் என்று பெயர். எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? மூட்டை தூக்கும் காத்தான் அண்ணனிடம் போன மாதம் தாளைக் கொடுத்தேன். காதலியின் வசனம். அவர் இரண்டு வரி படித்துவிட்டு, "தம்பி, எனக்கு இது வேணாம்பா, வெக்கமா இருக்கு" என்று மூட்டை தூக்கப் போய்விட்டார்.

வருகிறேன் என்று ரெஜினிடம் சொல்லிவிட்டேன்.

அவனுக்கு எதற்கு இந்தப் பாத்திரம்? கடலைப் பார்த்த மாடி வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மகன். சின்ன வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோர் முன்னாலும் நின்று வேதம் வாசித்த குரல். எதைக் கேட்டு மறுக்கப்பட்டிருக்கிறான் அவன்? கல்லூரி மாணவன் வேஷம் ஆயிரம் இருக்கிறதே. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாதா?

9 பிப்ரவரி, ஞாயிறு

தரங்கம்பாடி போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாடி அறை. அலைச்சத்தம் பதிவாகாமல் இருக்க சன்னல் எல்லாம் அடைத்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். வியர்த்துக் கொட்டியது. ரெஜினின் அப்பா வெள்ளை வேட்டியோடு முக்காலியில் ஏறி நின்று விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி மொகத்துல நிழல் விழுது, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று எனக்கும் சேர்த்துத்தான் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை. மகன் நடிப்பதற்கு விளக்குப் பிடிக்கிற அப்பா. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. ரெஜினின் சட்டையையோ வீட்டையோ பார்த்து எரிந்ததைவிட அந்த முக்காலியைப் பார்த்து அதிகம் எரிந்தது.

முதலில் நான் நடித்தேன். ரெஜின் நிலக்காரராக வாசித்தான். கத்தினான். மேசையைத் தட்டினான். சினிமாவில் வருகிற பண்ணையார் எல்லோரையும் ஒன்றாகக் குழைத்த மாதிரி. அவன் கத்த நானும் கத்தினேன். கழுத்து நரம்பு புடைத்தது. முடிந்ததும் அவன் அப்பா, "சத்தம் கொஞ்சம் கூடிப்போச்சோ?" என்று தயங்கிக் கேட்டார். ரெஜின், "இல்லப்பா, நெருப்பு மாதிரி இருந்துச்சு" என்றான்.

பிறகு அவன் முறை. நான் வாசிக்க வேண்டும்.

தாளைக் கையில் வாங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இவனுக்கு ஒன்றும் தரக்கூடாது. கத்தினால்தானே அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவான்? நான் கத்தவில்லை. அவன் முகத்தையே பார்க்கவில்லை. என் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே, யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி வசனத்தை விட்டேன். "பயிரு நிக்கிதேப்பா." கொட்டாவிகூட விட்டேன்.

ரெஜின் ஒரு வரி சொல்லிவிட்டு நின்றான். நான் பார்ப்பேன் என்று காத்திருந்தான். நான் பார்க்கவில்லை. அடுத்த வரியில் அவன் குரல் இறங்கியது. அதற்கடுத்த வரியில் இன்னும் இறங்கியது. கடைசி வரியை அவன் சொல்லவே இல்லை. நிமிர்ந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

ஒரே முறையில் முடித்துவிட்டான். இரண்டாவது எடுக்க வேண்டாம் என்றான். வசனத்தையே முழுசாகச் சொல்லவில்லை, எப்படி எடுத்துக்கொள்வார்கள்? மனதுக்குள் சிரித்தேன்.

வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்த ரெஜின் வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான், அவன் அப்பாவின் சொந்த ஊரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சாதி பிரித்துக் கட்டிய ஒரு மதில் இருந்ததாம். "எங்க தாத்தாவ மதிலுக்கு அந்தப் பக்கம்தான்டா வச்சிருக்கு. நடிக்கும்போது அதத்தான் நெனச்சுக்கிட்டேன்."

பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்தேன். இதிலுமா? எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். அதிலும் இவனுக்குப் பங்கு இருக்கிறதா?

10 பிப்ரவரி

இரண்டு பேரும் அனுப்பிவிட்டோம். அவனுடையது தேறாது. நேற்று நன்றாகத் தூங்கினேன்.

18 பிப்ரவரி, செவ்வாய்

ரெஜினை எடுத்துவிட்டார்கள்.

போனில் அழுதான். "நீ வாசிச்சதாலதான்டா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். வாழ்த்துகள் என்றேன். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்னுடையதைப் பார்த்திருக்கிறார்கள். பதில் இல்லை.

19 பிப்ரவரி

ஏன்டா அவன்? ஏன்? வாய்க்கால் தண்ணில அவனா எறங்குனான்? சட்டியப் புடிச்சிக்கிட்டு அவனா நடந்தான்? எங்க கதைய எடுக்குறானுங்க, எங்க ஊர்ல வந்து எடுக்குறானுங்க, எங்கள மட்டும் எடுக்க மாட்டானுங்க. கேட்டா நடிப்பும்பானுங்க. நான் பொறாமைல பேசுறேனா? ஆமா, பொறாமைதான். பொறாமைன்னா நான் சொல்றது பொய்யாயிடுமா?

என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை. அநியாயமும் உண்மை, பொறாமையும் உண்மை. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்றுதான் தெரியவில்லை.

அவனைக் கெடுக்க நினைத்தேன். அதுவே அவனைத் தூக்கிவிட்டது. இதை யாரிடம் சொல்லி அழ?

23 பிப்ரவரி, ஞாயிறு

வகுப்புக்குப் போகக் கூடாது என்றிருந்தேன். போனேன். கேமராவை அணைத்து வைத்துக்கொண்டேன்.

மேடம் ரெஜினின் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். அறை முழுக்க என் குரல். "பயிரு நிக்கிதேப்பா." அது நான் வாசித்த குரல் இல்லை. எனக்குத் தெரிந்த இன்னொருவருடைய குரல். பெரிய வீட்டுக்காரர் கத்தவே மாட்டார். அன்றைக்கும் கத்தவில்லை. கத்தத் தேவை இல்லாதவர் ஏன் கத்த வேண்டும்?

மேடம் பதிவை நடுவில் நிறுத்தினார்.

"இங்க கவனிங்க. எதிர்ல இருக்குறவரு இவரப் பாக்கவே இல்ல. மனுஷனா மதிச்சா தானே பாக்கணும்? அது இவருக்கு ஒறைக்குது. நடிக்கிறத விட்டுட்டு நெசமாவே கேக்க ஆரம்பிக்கிறாரு. ரீடர் யாரு?"

ரெஜின் என் பெயரைச் சொன்னான். திரையில் கைதட்டல் படங்கள் பறந்தன. மேடம் என்னைப் பேசச் சொன்னார். இணைப்பு சரியில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வாழ்க்கையில் முதல் பாராட்டு. அதுவும் ஒருவனைக் கெடுக்கச் செய்ததற்கு.

3 மார்ச்

மறுபடியும் ரெஜின். அந்த நிலக்காரர் பாத்திரத்தைக் கதையில் இளமையாக மாற்றிவிட்டார்களாம். நிலக்காரர் நோயில் படுத்துவிட, ஊரில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொள்கிற அவர் மகன்தான் இப்போது வழி மறுக்கிறவன். ஆள் இன்னும் அமையவில்லை. வருகிற ஆள் எல்லாம் கத்துகிறார்களாம்.

"ஒன் பேரச் சொல்லட்டுமாடா? அந்த டேப்புல இருக்குற கொரலு யாருன்னு அவங்களும் கேட்டாங்க."

"என்னை அந்த ஆளா நடிக்கச் சொல்றியா?" என்றேன். "நீ எங்கப்பாவுக்கு வழி கேப்ப. நான் இல்லன்னு சொல்லணும். அப்படித்தானே?"



"நான் அப்படி நெனைக்கலடா. நீ நல்லா பண்ணுன. அவ்வளவுதான்."

வைத்துவிட்டேன். அவன்மீது இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்லவனாக வேறு இருக்கிறான். கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதி.

5 மார்ச்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் இன்று சாயங்காலம் கொல்லைப்புறத்தில் நின்று அந்த வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று தெரியாது. வாய் சும்மா இருக்கவில்லை.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் அப்படித்தான் நிற்பார். மூக்கால் கொஞ்சம் மூச்சு விட்டேன். "என்ன ராமாயி, காலையிலயே?" என்றேன். அம்மாவின் பெயர் தாளில் இல்லை. அதுவாக வந்தது.

வாசல் பக்கம் அம்மா சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். வாளி வைக்கிற சத்தம். வேலைக்காகத் தூக்கிச் செருகியிருந்த புடவையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டே கொல்லைக்கு வந்தாள். ஈரக் கையை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். என்னைத் தவிர யாரும் இல்லை என்று கண்டதும் சுற்றிலும் பார்த்தாள்.

"யாருடா வந்தது?"

"யாரும் வரலம்மா. நான்தான்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பெரிய வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அது நினைவு வந்து கோபப்படுவாள் என்று நினைத்தேன். புடவையை மறுபடி தூக்கிச் செருகிக்கொண்டு, "எழவெடுத்தவனே, செத்தவனக் கூப்பிட்டுக் கொல்லையில வெச்சிருக்கியா?" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போய் வாளியை எடுத்தாள். எடுத்தபின் ஒரு முறை கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து மாதம் பணம் கட்டிப் படித்தேன். ஒரு ஆளைக்கூட நம்ப வைக்கவில்லை. இன்றைக்கு முதன்முதலாக ஒருத்தி நம்பினாள். அது அம்மாவாக இருக்க வேண்டுமா?

6 மார்ச்

ரெஜினிடம் கேட்டேன், அந்த இடம் இன்னும் காலியா என்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னான். ஏன் மனம் மாறினேன் என்று அவன் கேட்கவில்லை. நல்லவேளை.

9 மார்ச், ஞாயிறு

தரங்கம்பாடிக்குப் போகவில்லை. ரெஜின் வாசிக்கிறேன் என்றான், வேண்டாம் என்றேன். அவன் அழகாகக் கேட்பான். அழகாகக் கேட்கிறவனை மறுப்பது எனக்குச் சுலபம். அதில் எனக்குச் சந்தோஷம்கூட இருக்கும். அது நடிப்பு ஆகாது.

அம்மாவிடம் காட்சியைச் சொன்னேன். எல்லாவற்றையும். மகன் போய் வழி கேட்கிறான் என்றேன்.

"நீ எங்கடா கேட்ட?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. ஆனால் நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆமாம், நான் கேட்கவில்லை. அன்றைக்குப் பெரிய வீட்டு வாசலில் பேசியது அம்மா. நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் முதுகும், அவள் தோளுக்கு மேலே தெரிந்த அவர் முகமும்தான் நான் பார்த்தது. ரெஜின் வீட்டில் நான் கத்தினேனே, அது யாருடைய வசனம்? அன்றைக்கு வாயைத் திறக்காத பையன் இத்தனை வருஷம் கழித்துக் கத்தியது. மேடம் சொன்னது சரிதான். அங்கே ஆள் இல்லை.

"நீயே வாசிம்மா," என்றேன்.

சமுதாயக் கூடத்துப் பின்சுவர் வெளிர் பச்சை. அங்கே வெயில் நேராக விழாது. சைக்கிள் கேரியரில் போனைக் கட்டி வைத்தேன். அம்மாவை அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். தாளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தாள். "இப்படியா பேசுவாங்க?" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தொடங்கினேன்.

அவள் கெஞ்சவில்லை. அழவில்லை. கடையில் போய் உப்பு கேட்கிற குரல். "அவரு காலையில போயிட்டாருங்க. சாயங்காலம் எடுக்கணும். வரப்போட போயிக்கிறோம்."

நான் போனைத் தள்ளிக்கொண்டே, "பயிரு நிக்கிதே ராமாயி" என்றேன்.

அவள் காத்திருந்தாள்.

தாளில் இருந்த அடுத்த வரி எனக்கு வரவில்லை. வேறொன்று வந்தது. அன்றைக்கு அவர் சொன்னதுதான். இவ்வளவு காலமாக எனக்குள்ளேயே கிடந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. "நாளைக்கு வா, பாப்போம்" என்றார். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு நின்றவளிடம் அப்படிச் சொன்னார். அதையே சொன்னேன்.

அன்றைக்கு அம்மா பதில் சொல்லாமல் திரும்பிவிட்டாள். இன்றைக்குச் சொன்னாள்.

"நாளைக்குத் தாங்காதுங்க."

அவ்வளவுதான். போகவில்லை. அங்கேயே நின்றாள். நான் போனைப் பார்த்தேன். போனில் ஒன்றும் இல்லை. அவள் நிற்பது தெரிந்துகொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று கழுத்தைப் பிடித்துவைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கடைசியில் என்னால் முடியவில்லை. அவரால் முடியவில்லை என்று சொல்ல வேண்டுமோ? நான் படத்தை விட்டு வெளியே நடந்துவிட்டேன்.

பதிவில் அதற்குப் பிறகு பச்சைச் சுவர் மட்டும் இருக்கிறது. அம்மாவின் மூச்சு கேட்கிறது. பிறகு, "முடிஞ்சிதாடா? அடுப்புல சோறு கெடக்கு."

அதையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.

21 மார்ச்

கூப்பிட்டார்கள். என்னை எடுத்துவிட்டார்கள்.

நாலு நாள் வேலை. ஒப்பந்தத்தை மேடத்துக்கு அனுப்பி, வரிவரியாகப் பார்த்துத் தரச் சொன்னேன். மாமாவிடம் சிங்கப்பூரைத் தள்ளிப்போடச் சொன்னேன். திட்டினார். நாலு நாளை வைத்துக்கொண்டு வாழ்நாளை ஓட்டுவாயா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அம்மாவிடம் சொன்னேன்.

"அந்தாளாவா?" என்றாள்.

"ஆமா."

"கடைசியில வழி வுடுவானா?"

"கதையில விடமாட்டாம்மா."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் எறிந்தாள்.

"அப்ப நல்லா நடி," என்றாள்.

12 ஏப்ரல், சனி

கும்பகோணத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வயல் அறுத்துக் கிடக்கிறது. ஒரு பாத்தியில் மட்டும் படத்துக்கென்று தண்ணீர் பாய்ச்சிப் பயிர் வைத்திருக்கிறார்கள்.

விடிந்ததும் ஒப்பனைக்கு உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ரெஜின். ஒப்பனைக்காரர் அவனுக்கு முகம், கழுத்து, கை எல்லாம் கறுப்பாகப் பூசினார். பிறகு என்னிடம் வந்து என்னை வெளுப்பாக்கினார். கூலிக்காரனுக்கு என் நிறம், நிலக்காரனுக்கு அவன் நிறம். யாரும் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. டீ வந்தது. நாங்கள் கண்ணாடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"மச்சான், பேசாம நம்ம ரெண்டு பேரையும் எடம் மாத்தி ஒக்கார வெச்சிருக்கலாம்," என்றான் ரெஜின். ஒப்பனைக்காரர் என் உதட்டில் பூசிக்கொண்டிருந்ததால் என்னால் சிரிக்க முடியவில்லை. வாயைத் திறந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது, வேறு ஏதாவது வந்திருக்கும்.

தொடரின் பெயர்ப்பட்டியலை ஒரு பலகையில் ஒட்டியிருந்தார்கள். அவன் பெயர் மேலே. என் பெயர் எங்கேயோ. பார்த்ததும் எரிந்தது. இன்னும் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

மதியத்துக்குப் பிறகு எங்கள் காட்சி. அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவன் பேச ஆரம்பித்ததும் குரலிலேயே தெரிந்துவிட்டது, தரங்கம்பாடியில் செய்ததைவிட நன்றாகச் செய்கிறான் என்று. எவ்வளவு நன்றாக என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் முகம் என்ன ஆகிறது, எந்த இடத்தில் உடைகிறான், எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் போலிருந்தது.

என் வேலை அவனைப் பார்க்காமல் இருப்பது. கடைசிவரை பார்க்கவில்லை.